ஆற்றுக்குத் தெற்கே, ஆலநிழலில்

அடையாற்றுப் பாலத்தைக் கடக்கிறவர்கள் பெரும்பாலும் எதிரே உள்ள சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே போய்விடுகிறார்கள். ஒரு நாள் பாலத்தின் நடுவில் நின்று கிழக்கே திரும்பிப் பாருங்கள். தை மாதத்துக் காலையாக இருந்தால் இன்னும் அழகு. மேற்கே ஏரிகளின் உபரிநீரை வாங்கிக்கொண்டு 42 கிலோமீட்டர் நடந்து வந்த ஆறு, திரு.வி.க. பாலத்தைத் தாண்டியதும் அவசரத்தை விட்டுவிடுகிறது. அகன்று, ஆழம் குறைந்து, மணல்திட்டுகளைச் சுற்றி நிதானமாகப் பரவுகிறது. அந்தத் திட்டுகளில் பவழக்கால் உள்ளான்கள் தங்கள் மெல்லிய சிவந்த கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து மேய்கின்றன. வடகரையில் கட்டடங்கள். தென்கரையிலோ கடல்வரைக்கும் இடைவெளியே விடாத ஒரு கரும்பச்சை விளிம்பு. பல லட்சம் பேர் வாழும் மாநகரத்தில், ஆறும் கடலும் சேரும் இடத்தில், இவ்வளவு அடர்ந்த பசுமை எப்படி நிலைத்தது என்று ஒருவருக்காவது வியப்பு வரவேண்டும்.

அந்தப் பச்சை விளிம்பில் தொடங்கி, ஊரூர், பெசன்ட் நகர் வழியே திருவான்மியூர் கோயில் வரைக்கும் உள்ள சில கிலோமீட்டர் நிலத்தைத்தான் இங்கே உங்களோடு சேர்ந்து மெதுவாகப் பார்க்க விரும்புகிறேன். சென்னையின் தெற்கு ஓரமாக ஒரு காலத்தில் இருந்த புறநகர் இது. அரண்மனை கிடையாது, கோட்டை கிடையாது. பள்ளிக்கூடங்கள் உண்டு. அந்தப் பள்ளிக்கூடங்கள் இந்த மணலுக்கும் இந்த நிழலுக்கும் ஏற்றபடி தங்களை வடித்துக்கொண்ட விதம்தான் என்னை மயக்குகிறது.

முதலில் மணல். முகத்துவாரத்தின் வாயில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பெரிய நாடகம் நடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவம் வந்ததும் ஓட்டம் திரும்பிவிடும். ஊரூர் குப்பத்து மீனவர்கள் வடக்கே போகும் ஓட்டத்தைத் தெண்டி என்றும், தெற்கே வருவதை வன்னி என்றும் சொல்வார்கள். வலையை எங்கே விடுவது, எந்தப் பக்கம் இழுபடும் என்பதெல்லாம் அந்த இரண்டு சொல்லில் அடங்கிவிடுகிறது. கோடையில் ஆற்றின் விசை குறைந்ததும் கடல் கொண்டுவரும் மணல் வாயை அடைத்துவிடும். ஆறு ஒரு நீண்ட குளமாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் வந்து அந்த மணல்மேட்டை உடைத்துக்கொண்டு போகும். எங்கே உடைக்கும் என்பதை முன்கூட்டி ஒருவரும் சொல்ல முடியாது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரையப்படும் இந்த வளைவு, எந்த ஓவியனும் இரண்டாம் முறை போடத் தேவையில்லாத அளவுக்கு ஒரே இழுப்பில் அமைந்துவிடுகிறது.

முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் 1977 வெள்ளத்தில் முறிந்த பாலம் இன்னும் அப்படியே நிற்கிறது. கரையிலிருந்து நடந்துவந்து, நீரின் மேல் சட்டென்று நின்றுபோகிறது. திரைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். இதே நீரின் ஓரத்தில், 1746 அக்டோபர் 24 அன்று, பாராதி என்ற பிரெஞ்சுத் தளபதியின் சிறு படை, ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையை ஆற்றைக் கடந்து வந்து சிதறடித்தது. எண்ணிக்கையை வைத்தே போரைக் கணக்கிட்ட காலம் அந்தப் பகலில் முடிந்தது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். கொக்குகள் நிற்கும் இந்தச் சேற்றுத்திட்டைப் பார்த்தால் அப்படியொரு நாள் இங்கே விடிந்தது என்று நம்புவது கடினம்.

இனி அந்தப் பச்சை விளிம்புக்குள் போவோம். நியூயார்க்கில் 1875-இல் தோன்றிய பிரம்மஞான சபை, தனக்கென்று ஒரு நிலையான இடம் தேடி 1882-இல் அடையாற்றங்கரைக்கு வந்தது. கர்னல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் வாங்கியது ஹடில்ஸ்டன் தோட்டம் என்ற 27 ஏக்கர். இன்றைக்கு அது ஏறத்தாழ 260 ஏக்கர். சபையின் கொள்கைகளைப் பற்றி அவரவருக்கு ஒரு கருத்து இருக்கலாம். ஆனால் வாங்கிய நிலத்தை வெட்டி விற்காமல், மரங்களை மரங்களாகவே விட்டுவைத்த பெருந்தன்மையை யாரும் மறுக்க முடியாது. உள்ளே நடக்கும்போது கோயில், புத்தர் சந்நிதி, மசூதி, தேவாலயம், பாரசீகர் ஆலயம் என்று ஒவ்வொன்றும் மரங்களுக்கு நடுவே சிறியதாக, அடக்கமாக எழுந்து நிற்கும். ஒன்றையும் உயரமாகக் கட்டவில்லை. மரத்தை மீறி எழக்கூடாது என்று யாரோ மென்மையாகச் சொல்லிவிட்டுப் போனதுபோல இருக்கும்.

தோட்டத்தின் பெரிய ஆலமரத்துக்கு முன்னால் கொஞ்சம் உட்காருவோம். சுமார் 450 வயது என்பார்கள். அதன் நடு அடிமரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது. நடுமரம் போனால் மரமே போயிற்று என்று பொதுவாக நினைப்போம். இந்த மரமோ அதற்கு முன்பே பல தலைமுறை விழுதுகளை இறக்கி, அவற்றை எல்லாம் அடிமரங்களாக்கி வைத்திருந்தது. இன்று பார்க்கிறவருக்கு எது தாய், எது பிள்ளை என்று பிரித்துச் சொல்ல முடியாது. சில விழுதுகள் இப்போதுதான் நூல்போல் இறங்கி மண்ணைத் தொடப் பார்க்கின்றன. சில, கைகோத்து அணைத்தாலும் அடங்காத பருமன். நடுவே அந்த இல்லாத அடிமரத்தின் இடத்தில் ஒரு வட்டமான வெளிச்சம் விழுகிறது. உச்சிவெயில் நேரத்தில் போனால் அந்த வட்டத்தின் ஓரம் இலைகளின் அசைவில் மெல்ல மெல்லத் துடிப்பதைக் காணலாம். சபையின் தலைவராக இருந்த அன்னி பெசன்ட் இந்த நிழலில் பேசியிருக்கிறார். 1909-இல் இதே தோட்டத்தின் கடற்கரையோரம் விளையாடிக்கொண்டிருந்த சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தியும், பின்னாளில் உலகம் கேட்கும் பேச்சாளராகி இந்த நிழலில் பேசினார். மேடை தேவைப்படாத அரங்கம் இது. கேட்பவர்கள் தரையில் உட்கார்ந்தால் போதும்.

இந்த ஊரின் பள்ளிக்கூடங்களில் எனக்கு மிக நெருக்கமானது, அதிகம் பேசப்படாத ஒன்று. 1894-இல் ஆல்காட், ஊரூரை ஒட்டி ஒரு பள்ளியைத் தொடங்கினார். அக்காலத்தில் பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு, ஒரு பைசா வாங்காமல், எழுத்தும் கணக்கும் கற்றுக்கொடுக்கும் பள்ளி. சபையின் உறுப்பினர்களாக இருந்த கற்றவர்கள் தத்துவம் பேசிக்கொண்டிருந்த தோட்டத்துக்கு வெளியே, வேலிக்கு அந்தப் பக்கம் குடிசைகளில் இருந்த பிள்ளைகளை ஆல்காட் கண்ணால் பார்த்தார். பார்த்ததோடு நிற்கவில்லை. பின்னால் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று இத்தகைய பள்ளிகள் பெருகின. அவற்றில் ஒன்றுக்குத் திருவள்ளுவரின் பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய ஒரு கர்னல் சென்னையின் சேரிப்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிக்கு அந்தப் பெயர் தேர்வானதே ஒரு நயம். 1898-இல் ஒடுக்கப்பட்டோர் தலைவர் அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டைச் சந்தித்ததும், அவரோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவியதும் இதே ஆண்டுகளில் நடந்தவை. ஆகவே இந்தப் பள்ளியின் திண்ணை, தமிழ்நாட்டின் சமூக வரலாற்றில் ஒரு பெரிய பாதையின் ஓரத்தில் இருக்கிறது.

அந்த முதல் பள்ளி இன்று ஆல்காட் நினைவு மேனிலைப் பள்ளியாகப் பெசன்ட் நகரில் நிற்கிறது. இப்போதும் கட்டணம் இல்லை, இப்போதும் தமிழ்தான் பாடமொழி. மதியம் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் உண்டு. காலையில் அந்தச் சாலையோரம் நின்றால், குப்பத்திலிருந்தும் சுற்றியுள்ள குடியிருப்புகளிலிருந்தும் பிள்ளைகள் வரும் வரிசையைப் பார்க்கலாம். எண்ணெய் வைத்து அழுந்தச் சீவிய தலை, ரிப்பன், தோளில் பை. உள்ளே விரிந்த மைதானமும் மரங்களும். இந்தப் பகுதியில் ஒரு மனை நிலத்தின் விலை என்ன என்பதை அறிந்தவர்களுக்கு, இவ்வளவு பெரிய வெளி இந்தப் பிள்ளைகளின் ஓட்டத்துக்காக மட்டும் வைக்கப்பட்டிருப்பதன் அருமை புரியும். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக யாரோ ஒவ்வொரு நாளும் அந்த இடத்தைக் காத்து வந்திருக்கிறார்கள்.

பெசன்ட் அவென்யூவில் நடந்தால் இன்னொரு வாசல். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் தொடங்கிய ஔவை இல்லம். ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்கு வீடும் பள்ளியும் ஒன்றாக அமைந்த இடம். சட்டமன்றத்தில் தேவதாசி முறையை ஒழிக்க வாதாடிய அதே பெண்மணி, வாதத்தோடு நிற்காமல் அந்தப் பிள்ளைகள் படுத்து எழ ஒரு கூரையும் தேடினார் என்பது அவருடைய வாழ்வின் அழகான பாதி. அதே அடையாற்றில் 1954-இல் புற்றுநோய் மருத்துவமனையையும் அவர்தான் தொடங்கினார்.

பிறகு 1939. சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பில், நெதர்லாந்தில் வாழ்ந்துவந்த இத்தாலியரான மரியா மாண்டிசோரி அடையாறு வந்து இறங்கினார். வயது 69. கூடவே மகன் மரியோ. ஆசிரியப் பயிற்சிக்கு நாடெங்கிலுமிருந்து சுமார் 300 பேர் கூடினார்கள். அவர்களுக்காகத் தோட்டத்தில் ஓலைக் குடில்கள் எழுந்தன. உலகமே தன் முறையைப் படிக்க வந்த அம்மையார், பனை ஓலையின் கீழே நின்று பாடம் எடுத்தார். அடுத்த ஆண்டு போரில் இத்தாலி எதிரி நாடானதும் மரியோவைச் சிறைவைத்தார்கள், அம்மையாரை அடையாற்றை விட்டுப் போகக்கூடாது என்றார்கள். 1940 ஆகஸ்டில் அவருடைய எழுபதாவது பிறந்தநாளை ஒட்டி மரியோவை விடுவித்தது அரசு. சில மாதங்களுக்கென்று வந்தவர் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். இன்று தமிழ்நாட்டின் ஏதோ ஒரு தெருவில் ஒரு மூன்று வயதுக் குழந்தை, மரக்கட்டைகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, கடைசிக் கட்டை சரியாக உட்காரும்போது நிமிர்ந்து பார்க்கிறதே, அந்தப் பார்வைக்குப் பின்னால் அடையாற்று ஓலைக் குடில்களின் காற்று இருக்கிறது.

கடலை நோக்கி இன்னும் கொஞ்சம் நடந்தால் அருண்டேல் கடற்கரைச் சாலையில் உ.வே.சா. நூல்நிலையம். பெரிய பெயர், எளிய கட்டடம். தமிழ்த்தாத்தா உ.வே. சாமிநாதையர் 1942-இல் மறைந்தபின், அவர் ஊர் ஊராக அலைந்து சேர்த்த ஏடுகளும் கையெழுத்துக் குறிப்புகளும் சிதறிவிடக்கூடாது என்று நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் முன்வந்து 1943-இல் நிறுவியது இது. ஓலையின் மேல் குனிந்து பாருங்கள். ஒரு விரல் அகலத்தில் ஏழெட்டு வரிகள். புள்ளி இல்லை, பத்தி இல்லை. எழுத்தாணி ஒவ்வொரு வளைவிலும் ஓலையைக் கிழித்துவிடாமல் சுழன்ற லாவகம் தெரியும். ஐயர் எங்கே படித்தார், எங்கே ஐயப்பட்டார் என்பதை அவருடைய குறிப்புகளில் காணும்போது நெஞ்சு ஒருமுறை நின்று நடக்கும். அவர் புறநானூற்றைப் பதிப்பித்த ஆண்டும் 1894. ஊரூரில் அந்தப் பிள்ளைகளின் பள்ளி திறந்த அதே ஆண்டு. ஐயரும் ஆல்காட்டும் ஒருவரையொருவர் அறிந்து செய்ததல்ல. ஆனாலும் இரண்டு வேலைகளின் பலனும் இன்று இந்த ஒரே ஊரில், நடக்கிற தூரத்தில் இருக்கின்றன என்பது எனக்கு எப்போதும் இனிக்கும் செய்தி. கடலின் உப்பும் ஈரமும் ஓலைக்குப் பகை. தினமும் கடற்காற்று அடிக்கும் ஊரில் அவற்றைப் புழுவும் பூசணமும் அண்டாமல் வைத்திருப்பவர்களின் கைகளை வணங்கத் தோன்றுகிறது.

அந்தக் காற்றையும் சொல்லாமல் போக முடியாது. சித்திரை வெயிலில் நிலம் சூடேறி, நண்பகல் கடந்ததும் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். நகரத்தின் மேற்குப் பக்கத்தவர்கள் அதற்கு இன்னும் காத்திருப்பார்கள். பெசன்ட் நகரில் முதலில் மாடித் துணிகள் அசையும். அப்புறம் வீட்டுவசதி வாரியம் எழுபதுகளில் வகுத்த நேர்த்தியான தெருக்களில் இயல்வாகையின் மஞ்சள் பூக்கள் உதிரும். இந்தத் தெருக்களின் அளவு மனிதனுடைய அளவு. கிழக்கே போகும் எந்தத் தெருவிலும் கடைசியில் ஒரு துண்டு நீலம் தெரியும்.

திருவான்மியூர்ப் பக்கம் திரும்பினால் கலாக்ஷேத்ரா. 1935-இல் அடையாற்றில் பிரம்மஞான சபையின் வைரவிழாவின்போது ருக்மிணி தேவி முதன்முறையாக மேடையேறி ஆடினார். அடுத்த ஆண்டே, 1936-இல், பள்ளி பிறந்தது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்ற கலையை, அடையாற்று மரநிழலில் வளர்த்தார். டைகர் வரதாச்சாரியார், மைசூர் வாசுதேவாச்சாரியார், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் போன்ற பெரும் வித்வான்கள் அங்கே வந்து சொல்லிக்கொடுத்தார்கள். 1962-இல் திருவான்மியூரின் வெறும் மணற்பரப்புக்குப் பள்ளி குடிபெயர்ந்தது. இன்று அங்கே போகிறவர்கள் அந்தக் காட்டை இயற்கை தந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். மணலில் நட்டு, நீர் ஊற்றி, காத்து வளர்த்த மரங்கள் அவை. முதலில் நிழலை வளர்த்தார்கள். அதன் கீழே ஆட்டத்தை வளர்த்தார்கள்.

காலையில் ஆலமரத்தடியில் மாணவர்கள் கூடிப் பாடும் பிரார்த்தனையோடு அங்கே நாள் தொடங்குகிறது. பிறகு ஒவ்வொரு குடிலாக அடவுகளின் ஒலி எழும். தட்டுக்கழி மரக்கட்டையில் விழும் ஓசையைக் கவனியுங்கள். நட்டுவாங்கம் செய்கிறவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கட்டையின் ஒரே இடத்தில் அடிக்கிறார். தை யா தை என்ற முதல் பாடத்திலேயே பாதம் முழுதாகத் தரையில் படிய வேண்டும். அரைமண்டியில் முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். கலாக்ஷேத்ராவின் பாணியை அடையாளம் காட்டுவது அந்தக் கோடுதான். நீட்டிய கை தோளிலிருந்து விரல் நுனி வரை ஒரே நேராக, வில்லின் நாண் போல இழுபட்டிருக்கும். அதில் தளர்வு இல்லை, மிகையும் இல்லை. அந்த நேர்கோட்டுக்கு மேலே கண் மட்டும் எவ்வளவு மெல்ல நகர்கிறது என்று பார்த்தால், நூற்றுக்கணக்கான காலைகளின் உழைப்பு தெரியும்.

அங்கேயே தறிகளும் உண்டு. பழைய காஞ்சிபுரத்து அகன்ற கரைகளையும் நிறச்சேர்க்கைகளையும் மீண்டும் நெய்ய வைத்தவர் ருக்மிணி தேவி. உடலில் ஒரு நிறம், கரையில் முற்றிலும் எதிரான இன்னொரு நிறம், இரண்டும் சந்திக்கும் இடத்தில் கோயில் கோபுரத்தின் பற்கள் போன்ற ஒரு வரிசை. கடைகளில் இன்றைக்குக் கலாக்ஷேத்ரா சேலை என்று கேட்டு வாங்குகிறார்களே, அந்த அகலக் கரையின் கம்பீரம் இங்கிருந்து போனது. கேரளத்துக் கோயில் கூத்தம்பலங்களின் இலக்கணத்தில் அப்புக்குட்டன் நாயர் வரைந்து 1985-இல் திறந்த அரங்கமும் இதே வளாகத்தில் இருக்கிறது. அதன் உயர்ந்த மரக்கூரையின் கீழே ஆட்டக்காரியின் சலங்கை கடைசி வரிசை வரைக்கும் தெளிவாகக் கேட்கும்.

கடற்கரையிலும் அழகுகள் இருக்கின்றன. எலியட்ஸ் கடற்கரை மணலில், 1930 டிசம்பர் 30 அன்று பிறர் உயிரைக் காக்க உதவிய முயற்சியில் மூழ்கிப்போன ஷ்மிட் என்ற டென்மார்க்காரருக்கு எழுப்பிய வெள்ளை நினைவு வளைவு. அதன் வழியாகப் பார்த்தால் கடல் ஒரு சட்டத்துக்குள் வந்து நிற்கும். தெற்கே நடந்தால், உத்திரமேரூர்ச் சுந்தரவரதர் கோயிலைப் போல அடுக்கடுக்காகச் சந்நிதிகள் ஏறும் அஷ்டலட்சுமி கோயில். 1976-இல் குடமுழுக்குக் கண்டது. அதற்குச் சற்று வடக்கே அன்னை வேளாங்கண்ணி திருத்தலம். ஆகஸ்ட் 29-இல் கொடி ஏறினால் காவி உடுத்தி நடந்து வருகிறவர்களால் சாலைகள் நிறைந்துவிடும். திருவான்மியூரில் மருந்தீசர் மேற்கு நோக்கி அமர்ந்திருக்கிறார். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். அகத்தியருக்கு இறைவன் மருந்தின் இயல்பை உபதேசித்த இடம் என்று ஊர் சொல்கிறது. அதாவது இந்தக் கரையின் மிகப் பழைய பாடசாலையும் ஒரு மரத்தடிதான், அங்கே வன்னி மரம்.

கடைசியாக ஒரு வகுப்பு. இதற்குக் கூரையும் இல்லை, மரமும் இல்லை. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறும். தாய் ஆமை பின்துடுப்புகளை மாறி மாறி வளைத்து, கண்ணால் பார்க்காமலேயே, குடத்தின் வடிவில் ஒரு குழி தோண்டும் நேர்த்தி வியக்க வைக்கும். சுமார் நூறு முட்டைகள் இட்டு மூடி, மேலே உடலை அசைத்து மணலைச் சமன் செய்துவிட்டுப் போகும். 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவரும். வெளிச்சம் எங்கே கூடுதலோ அங்கே ஓடுவது அவற்றின் இயல்பு. ஒரு காலத்தில் கடலின் மேல் விழும் நிலவும் விண்மீனும்தான் அந்த வெளிச்சம். இப்போது தெருவிளக்குகள் அவற்றை ஊர்ப்பக்கம் இழுக்கின்றன. எழுபதுகளின் தொடக்கத்தில் சிலர் இந்தக் கரையில் இரவில் நடந்து முட்டைகளைச் சேர்த்துக் காப்பகத்தில் வைக்கத் தொடங்கினார்கள். 1988-இல் மாணவர்கள் அந்தப் பொறுப்பைத் தோளில் ஏற்றுக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு பருவத்திலும் இரவு இரவாக நடக்கிறார்கள். ஒரு தலைமுறை படித்து முடித்து வேலைக்குப் போனால் அடுத்த தலைமுறை வந்து சேர்கிறது. புதிதாக வந்தவருக்கு மணலில் ஆமையின் தடத்தைப் படிக்க மூத்தவர் கற்றுத்தருகிறார். ஏறிய தடம் எது, இறங்கிய தடம் எது, குழி எங்கே இருக்கலாம் என்று. வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் சேர்ந்து நடக்கலாம். நீலாங்கரையில் நள்ளிரவை ஒட்டித் தொடங்கி, திருவான்மியூரைக் கடந்து, பெசன்ட் நகர்க் காப்பகத்தில் முடியும். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். டார்ச் விளக்கை அணைத்து வையுங்கள். முன்னால் போகிற மாணவர் கை காட்டினால் அப்படியே நின்றுவிடுங்கள்.